லெங்குவாஸ், சித்தரத்தை, இஞ்சி: ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடலாமா?

அண்மையில் கோலாலம்பூருக்குக் குடிவந்த நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தேங்காய்ப்பாலில் இறைச்சியை வற்றவைத்துச் செய்யும் ரெண்டாங் என்ற பண்டத்தின் செய்முறை ஒன்றில் இஞ்சியும் லெங்குவாஸ் என்ற கிழங்கும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன, கடையில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகின்றன, லெங்குவாஸ் கிடைக்காத நாளில் இஞ்சியையே இரண்டு மடங்கு போட்டுவிடலாமா, ஊரில் பாட்டி இருமலுக்குக் கொடுத்த சித்தரத்தை இந்த லெங்குவாஸ்தானா என்பவை உங்கள் ஐயங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே என்று நினைக்கிறேன். இவை ஒரே பொருளின் இரண்டு வகைகளா, அல்லது தோற்றத்தில் மட்டும் ஒத்துப்போகும் இரண்டு வெவ்வேறு பொருள்களா? தாவரவியல் படித்துவிட்டு மூலிகைச் சரக்குகளின் தரத்தைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மருந்து பற்றிய பகுதியைப் படியுங்கள்.

முதலில் ஐயத்திற்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடலாம். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், லெங்குவாஸ் ஆகிய நான்கும் சிஞ்சிபெரேசி என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்குமேல் இஞ்சிக்கும் லெங்குவாஸுக்கும் இருக்கும் உறவு, இஞ்சிக்கும் ஏலக்காய்க்கும் இருக்கும் உறவைவிடப் பெரிதாக நெருக்கமானது இல்லை. இஞ்சி சிஞ்சிபெர் பேரினம். அதன் முழுப் பெயரான சிஞ்சிபெர் அஃபிசினாலே 1807இல் வில்லியம் ராஸ்கோ என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் முறைப்படுத்தியது. லெங்குவாஸ் அல்பினியா பேரினத்தைச் சேர்ந்த அல்பினியா கலங்கா. தமிழில் இதற்குப் பேரரத்தை என்று பெயர். ஏலக்காயையும் இஞ்சியையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் ஒன்றில் நாம் காயை எடுக்கிறோம், மற்றதில் கிழங்கை எடுக்கிறோம். இஞ்சியிலும் லெங்குவாஸிலும் நாம் எடுப்பது மண்ணுக்குள் படுக்கைவாக்கில் வளரும் மட்டநிலத் தண்டையே என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

செடியாகப் பார்த்தால் குழப்பத்திற்கே இடமில்லை. இஞ்சிச் செடி பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், இலை மெலிந்து நீண்டிருக்கும், பூக்கதிர் இலைத் தண்டின் உச்சியில் வராமல் கிழங்கிலிருந்து தனிக் காம்பாகக் கிளம்பும். லெங்குவாஸ் இரண்டு மீட்டரைத் தாண்டி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அகன்ற இலைகளுக்கு மேலே, தண்டின் உச்சியிலேயே, வெளிர்பச்சை கலந்த வெண்ணிறப் பூங்கொத்து வரும். இஞ்சியை நட்டு எட்டு, பத்து மாதத்தில் இலை பழுத்ததும் தோண்டி எடுத்துவிடுவார்கள். லெங்குவாஸ் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் புதராகப் பெருகிக்கொண்டிருக்கும், வயது ஏற ஏறக் கிழங்கு மரக்கட்டையாகும். மலேசியாவில் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு புதர் லெங்குவாஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அக்கம்பக்கத்தில் அப்படி யாரேனும் இருந்தால் ஒருமுறை தோண்டும்போது உடன் நின்று பாருங்கள். இளங்கிழங்கின் முனையில் இருக்கும் இளஞ்சிவப்புக் குருத்தைப் பார்த்துவிட்டால் அதை மறக்க முடியாது.

கடையில் கிழங்கை மட்டும் வைத்து இனம் காண்பதும் எளிதுதான். இஞ்சியின் தோல் மண்ணின் வெளிர்பழுப்பு நிறத்தில் காகிதம்போல் மெல்லியதாக இருக்கும். கரண்டி விளிம்பால் சுரண்டினாலே உரிந்து வந்துவிடும். லெங்குவாஸின் தோல் வெளிறி, வழவழப்பாக, சில இடங்களில் இளஞ்சிவப்புச் சாயலோடு இருக்கும். அதன்மேல் சீரான இடைவெளியில் கரும்பழுப்பு வளையங்கள் ஓடும். அவை செதிலிலைகள் உதிர்ந்த தழும்புகள். இஞ்சியிலும் வளையத் தழும்பு உண்டு, ஆனால் லெங்குவாஸில் இருப்பதுபோல் கோடு கிழித்ததைப் போலத் துலக்கமாக இராது. இன்னும் ஐயமென்றால் ஒரு விரலை ஒடித்துப் பாருங்கள். நல்ல இஞ்சி சடக்கென்று ஒடியும், ஒடிந்த இடத்தில் மஞ்சள் சதையும் சாறும் நாரும் தெரியும். முற்றிய லெங்குவாஸைக் கையால் ஒடிப்பது எளிதன்று. கனமான கத்தியை வைத்து மேலிருந்து அழுத்தினால்தான் இறங்கும், உள்ளே தந்த நிறத்தில் வெண்மையும் குறைவான ஈரமும் இருக்கும். பிறகு மூக்கருகே கொண்டுபோங்கள். இஞ்சியில் எலுமிச்சைத் தோலின் வாசனை மெலிதாகக் கலந்திருக்கும். லெங்குவாஸில் முதலில் வருவது தைலமர இலையைக் கசக்கியதுபோன்ற குளிர்ந்த நெடி, அதன் பின்னால் மிளகின் சாயல்.

இந்த வாசனை வேறுபாடு கற்பனையன்று. வேதியியலில் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. தைலமர எண்ணெயில் முதன்மையாக இருக்கும் சினியோல் என்ற பொருளே லெங்குவாஸின் எண்ணெயிலும் முக்கியமானது. பச்சை இஞ்சியின் எண்ணெயில் சிஞ்சிபெரீனும், எலுமிச்சைப் புல்லுக்கு மணம் கொடுக்கும் சிட்ராலும் உண்டு. காரத்தைத் தருபவையும் வேறு வேறு. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும்போது அந்த ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது என்பதால்தான் சுக்கு இஞ்சியைவிடக் கடுக்கிறது. நீண்ட நேரம் சமைக்கும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் என்ற சாதுவான, சற்றே இனிப்புமணம் கொண்ட பொருளாகவும் மாறும். குழம்பில் வெந்த இஞ்சி பச்சை இஞ்சியைப்போல் நாக்கைச் சுடாததற்கு இதுவும் ஒரு காரணம். லெங்குவாஸில் ஜிஞ்சரால் அதன் காரத்திற்குப் பொறுப்பில்லை. அங்கே காரம் தருவது அசிடாக்சி சாவிக்கால் அசிடேட் என்ற வேறொரு பொருள். அது தண்ணீரில் கொதிக்கும்போது சிதைந்து வேறு பொருள்களாக மாறிவிடும் இயல்புடையது. ஆகவே நெடுநேரம் கொதித்த குழம்பில் லெங்குவாஸின் காரம் மங்கிப்போய் மணம்தான் பெரும்பாலும் மிஞ்சும். காரம் வேண்டும் என்று லெங்குவாஸைக் கூட்டிப் போடுகிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

இப்போது ரெண்டாங்கிற்கு வருவோம். உங்கள் செய்முறையில் இரண்டுமே இருக்கிறது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக இருந்தால், இரண்டும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் ஒரு சமையல்காரர் ஏன் இரண்டையும் உரித்து அரைக்க வேண்டும்? ரெண்டாங்கில் இஞ்சி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் இவற்றோடு சேர்ந்து அடிக்காரத்தையும் மாட்டிறைச்சியின் கவிச்சியை அடக்கும் வேலையையும் செய்கிறது. லெங்குவாஸும் செராய் எனப்படும் எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப்பாலின் கொழுப்பைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் நறுமணத்தைக் கொடுக்கின்றன. கொழுப்பு மிகுந்த, பல மணி நேரம் வற்றும் பண்டத்தில் இந்த மேல்மணம் இல்லாவிட்டால் சுவை கனத்துத் தட்டையாகிவிடும். லெங்குவாஸை நீக்கி இஞ்சியை இரட்டித்தால் அடிக்காரம் மிகும், மேல்மணம் வராது. உண்ண முடியாத பண்டமாகிவிடும் என்று சொல்லமாட்டேன். காரமான ஒரு தேங்காய்ப்பால் இறைச்சி வறுவல் கிடைக்கும், அதை ரெண்டாங் என்று ஒரு மலாய்க்காரரிடம் நீட்டினால் முதல் வாயிலேயே எது விட்டுப்போயிற்று என்று சொல்லிவிடுவார்.

லெங்குவாஸ் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றால் நான் இப்படிச் செய்வேன்: செய்முறையில் உள்ள இஞ்சியை அப்படியே விட்டுவிட்டு, செராயைக் கொஞ்சம் கூட்டி, எலுமிச்சை இலையையோ லிமாவ் பூருட் என்ற காஃபிர் எலுமிச்சை இலையையோ நறுக்கிச் சேர்த்து, சிறிது வெண்மிளகைத் தட்டிப் போடுவேன். அது லெங்குவாஸின் மணத்தைத் தராது, ஆனால் அது நிரப்பியிருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விடாது. தாய்லாந்தின் தோம் கா சூப்பைப் பொறுத்தவரை இந்தச் சமாதானமும் செல்லாது. அந்தத் தேங்காய்ப்பால் சூப்பின் நடுவே நிற்பதே லெங்குவாஸ்தான். அதை எடுத்துவிட்டு இஞ்சியைப் போட்டால் வேறொரு சூப் வைத்திருக்கிறீர்கள் என்றே கொள்ள வேண்டும். இந்தோனேசியாவில் ஆயாம் கோரெங் லெங்குவாஸ் என்றொரு பொரித்த கோழி உண்டு. துருவிய லெங்குவாஸோடு கோழியை வேகவைத்து, பிறகு இரண்டையும் எண்ணெயில் பொரித்து, பொன்னிறமாக மொறுமொறுத்த அந்தத் துருவலைக் கோழியின்மேல் குவித்துக் கொடுப்பார்கள். ஈரம் குறைந்து நார் மிகுந்த கிழங்கால்தான் இது முடிகிறது. சாறு மிகுந்த இஞ்சியைத் துருவினால் பாதி கூழாகிவிடும், பொரித்தால் ஒரு பக்கம் ஈரமாகவும் இன்னொரு பக்கம் கருகிக் கசப்பாகவும் போகும்.

எதிர்த்திசையில் கேட்டாலும் விடை இதுவே. நம் சமையலில் இஞ்சி இருக்கும் இடத்தில் லெங்குவாஸை வைக்காதீர்கள். பிரியாணிக்கான இஞ்சி பூண்டு விழுதில் அதைச் சேர்த்தால் சட்டி முழுவதும் தைல வாடை அடிக்கும். இஞ்சித் துவையல், இஞ்சிப் புளி, இஞ்சி மொரப்பா இவையெல்லாம் இஞ்சியின் சாற்றையும் சதையையும் நம்பி நிற்பவை. லெங்குவாஸை அம்மியில் வைத்து அரைத்தாலும் நார்த்தூளாகத்தான் வரும். மலேசியாவில் இருக்கும் உங்களுக்கு இஞ்சிக்குப் பஞ்சமில்லை. பகாங்கின் பெந்தோங் இஞ்சி அதன் காரத்திற்காகவே பெயர்பெற்றது. இஞ்சியைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பச்சை இஞ்சியில் சிஞ்சிபேன் என்ற புரதம் சிதைக்கும் நொதி இருக்கிறது. பாலில் நேராக இஞ்சியைத் தட்டிப்போட்டுச் சூடேற்றினால் தேநீர் திரிந்துபோவது பாலின் குற்றமன்று, இந்த நொதியின் வேலை. முதலில் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், அதன்பின் பால் ஊற்றினால் திரியாது. தென்சீனத்தின் குவாங்தோங் பகுதியில் இதே நொதியைக் கொண்டு சூடான பாலை இஞ்சிச் சாற்றின்மேல் ஊற்றித் தயிர்போல் உறையவைத்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். இறைச்சியை இஞ்சி விழுதில் ஊறவைத்தால் மென்மையாவதும் இதனால்தான்.

சித்தரத்தை பற்றிய கேள்விக்குத்தான் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் இங்கே உறுதியானதும் உறுதியற்றதும் கலந்து கிடக்கின்றன. உறுதியானது: சித்தரத்தை என்ற சிற்றரத்தையும் பேரரத்தையும் ஒரே அல்பினியா பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். சிற்றரத்தை என்று பொதுவாக அடையாளம் காட்டப்படுவது தென்சீனத்திலும் ஹாய்னான் தீவிலும் விளையும் அல்பினியா அஃபிசினாரம். அதன் கிழங்கு விரல் தடிமனில், செம்பழுப்பு நிறத்தில், உலர்ந்தபின் எலும்புபோல் கடினமாக இருக்கும். பேரரத்தையைவிடக் காரமும் கசப்பும் மிகுதி. இது இடைக்காலத்திலிருந்தே ஐரோப்பா வரை விலைபோன சரக்கு. ஆனாலும் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பது 1870 வாக்கில் ஹென்றி ஃபிளெட்சர் ஹான்ஸ் என்ற தாவரவியலாளர் விவரித்த பிறகே அறிவியலுக்குத் தெளிவானது. அத்தனை நூற்றாண்டுகள் உலகம் ஒரு கிழங்கை அதன் செடியை அறியாமலே வாங்கித் தின்றிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

உறுதியற்றது நாட்டு மருந்துக் கடையில் நிகழ்வது. கேரளத்தில் சிற்றரத்தை என்ற பெயரில் அங்கேயே பயிராகும் அல்பினியா கால்கரேட்டா என்ற மூன்றாவது இனம் வழங்குகிறது. அந்தச் சரக்கு தமிழ்நாட்டுக்கும் வருகிறது. பேரரத்தையின் மெல்லிய விரல்களைக் காயவைத்துச் சித்தரத்தையோடு கலந்து விற்பதும் நடக்கிறது. முழுக் கிழங்காக இருந்தால் நிறம், தடிமன், தழும்பு இவற்றை வைத்துக் கைலென்சால் ஓரளவு பிரிக்கலாம். பொடியாகிவிட்டால் நுண்ணோக்கி இல்லாமல் முடியாது. அங்கே இஞ்சியை விலக்குவது எளிது: சுக்கின் மாவுமணிகள் ஒரு முனை கூம்பிய தட்டையான முட்டை வடிவில் இருக்கும், சீனச் சிற்றரத்தையின் மாவுமணிகள் பெரும்பாலும் ஒருபுறம் பருத்து நீண்டவை. அல்பினியா இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் கடினம், அதற்கு வேதிச் சோதனையும் வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் பாட்டி கொடுத்தது எந்த இனம் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அல்பினியாக்களில் ஒன்று என்பதும், சமையலறை இஞ்சியோ சுக்கோ அன்று என்பதும்தான் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

நம் பாட்டிகள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தே இருந்தார்கள். தீபாவளி லேகியத்திற்குச் சரக்கு எழுதிக்கொடுக்கும்போது சுக்கு, ஓமம், கண்டந்திப்பிலி இவற்றோடு சித்தரத்தையையும் தனியாகவே எழுதுவார்கள். சுக்கு இருக்கிறதே என்று சித்தரத்தையை விடுவதில்லை. குழந்தைக்கு உரை மருந்து உரைக்கும் பல வீடுகளிலும் சுக்குக்கு ஒரு இழைப்பு, சித்தரத்தைக்கு ஒரு இழைப்பு என்று தனித்தனியாகத்தான் கல்லில் உரைப்பார்கள். ரெண்டாங் செய்பவர் இஞ்சியையும் லெங்குவாஸையும் பிரித்து வைத்திருப்பதும் இதுவும் ஒரே அறிவுதான்.

மருத்துவப் பயன் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இஞ்சியை மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குறிப்பாகக் கர்ப்பகால மசக்கைக் குமட்டலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் சுக்குப்பொடி அளவில் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகள், குமட்டல் ஓரளவு தணிவதைக் காட்டியிருக்கின்றன. வாந்தியை நிறுத்துவதில் அத்தனை தெளிவில்லை. பயணக் குமட்டலுக்கும் புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்கும் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. அரத்தைகளைப் பற்றி வெளிவந்திருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி சோதனைக்குழாயிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. லெங்குவாஸில் உள்ள அந்தக் காரப்பொருள் ஆய்வகத்தில் புற்றுச் செல்களைக் கொன்றது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு அதை மருந்தாக நம்பிவிடாதீர்கள். கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஏராளம், மனித உடலில் பயன்படுபவை மிகச் சில. இருமலுக்குச் சித்தரத்தைத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது தலைமுறைகளாக வரும் பழக்கம், தொண்டைக்கு இதமாக இருப்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். அது மரபறிவு. அதற்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்கலாம், மருத்துவச் சோதனையில் நிறுவப்பட்டது என்ற பெயரை மட்டும் கொடுக்கக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களும் கர்ப்பிணிகளும் இஞ்சியோ அரத்தையோ எதுவானாலும் சமையல் அளவைத் தாண்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் இன்னொரு கிழங்கையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மலேசியச் சந்தையில் செக்கூர் என்று சிறிய, உருண்டையான கிழங்கு ஒன்று விற்கும். அதன் இலையை நாசி ஊலாம் என்ற மூலிகைச் சோற்றில் பொடியாக நறுக்கிப் போடுவார்கள். தமிழில் அது கச்சோலம், கெம்ப்ஃபேரியா பேரினம். ஆங்கிலச் சமையல் குறிப்புகள் சிலவற்றில் சிற்றரத்தைக்கும் கச்சோலத்திற்கும் ஒரே பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அத்தகைய குறிப்பைப் படித்துக் கடைக்குப் போகிறவர் கற்பூர வாசனை அடிக்கும் கச்சோலத்தோடு வீடு திரும்புவார். செய்முறை இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்ததென்றால் மலாய்ப் பெயரைத் தேடிப் பார்த்து, அந்தப் பெயரையே கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

நாட்டு மருந்துக் கடையிலிருந்து கொண்டுவந்த சித்தரத்தை வீட்டில் இருக்கிறது, அதை ரெண்டாங்கில் போடலாமா என்று அடுத்து யாரேனும் கேட்கக்கூடும். வேண்டாம். உலர்ந்து பழசான அந்தச் சரக்கில் மேல்மணம் போய்க் கசப்பும் காரமும்தான் நிற்கும். லெங்குவாஸ் பொடியும் ஏறக்குறைய அப்படித்தான். வேறு வழியே இல்லாதபோது வைத்துக்கொள்ளலாம். நல்ல வழி, பச்சைக் கிழங்கு கிடைக்கும்போது கொஞ்சம் அதிகமாக வாங்கிக் கழுவி, நாருக்குக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக வெட்டி உறைபெட்டியில் வைத்துவிடுவது. இது மாதக்கணக்கில் மணம் போகாமல் இருக்கும், உருகக் காத்திராமல் அப்படியே சட்டியில் போடலாம். அரைக்கப்போவதென்றால் இளஞ்சிவப்பு முனையுள்ள இளங்கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். முற்றியது மட்டுமே கிடைத்தால் அரைக்க முயலாமல் துண்டாக நறுக்கி, கத்தியின் பின்புறத்தால் தட்டிப் போட்டு, பரிமாறும்முன் எடுத்துவிடுங்கள். வற்றிய ரெண்டாங்கில் மசாலா ஏறிய லெங்குவாஸ் துண்டும் இறைச்சித் துண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். வீட்டில் குழந்தைகளோ பல் நோவுள்ள பெரியவர்களோ இருந்தால் எத்தனை துண்டு போட்டோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு அத்தனையையும் எடுத்துவிடுவது நல்லது.